தேடுகிறவர் கண்ணில் படுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தண்ணீர் மோட்டார் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கூகுளில் காசு கட்டி விளம்பரம் போடும்படி கனடாவில் இருக்கும் அண்ணன் சொல்கிறார். மாதம் 15,000 ரூபா ஒதுக்கலாம். வீண்போகாதா, ஐயா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, உங்கள் தொழிலுக்கு இது பொருந்தும் என்று துணிந்து சொல்வேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, தாங்கியில் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்தக் காலை ஆறரை மணிக்கு வீட்டுக்காரர் கைத்தொலைபேசியில் ஆள் தேடுகிறார். தேடல் விளம்பரம் அவருக்காகத்தான். அது கண்ணில் பட்டதற்குக் காசு இல்லை, அழுத்தினால்தான் காசு. ஆகவே யார் அழுத்த வேண்டும் என்பதிலும் பார்க்க, யார் அழுத்தக் கூடாது என்பதில் கவனமாக இருங்கள்.

முதலில் கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியுங்கள். அதற்குச் செலவில்லை.

விளம்பரத்துக்கு இடம் குறிக்கும்போது திருநெல்வேலி என்று எழுதாதீர்கள். தமிழ்நாட்டு நகரம் தெரிவாகிவிட்டால் தாமிரபரணிக் கரையிலிருந்து அழைப்பு வரும். வரைபடத்தில் கடையை நடுவில் வைத்து, கருவிப்பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்கு, 12 கிலோமீற்றர் அளவில் வட்டம் போடுங்கள். அங்கே இன்னொரு தெரிவும் இருக்கும்: அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமா, அந்த இடத்தில் அக்கறை காட்டுபவர்களுக்கும் சேர்த்தா என்று. கூகுள் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கும். நீங்கள் இருப்பவர்களை மட்டும் தெரிவுசெய்யுங்கள். (அம்மா வீட்டு மோட்டாருக்கு ரொறன்ரோவில் இருந்து ஆள் தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு தனியாக ஒரு விளம்பரம் போடலாம்.) பிற இணையத்தளங்களில் காட்டும் ‘டிஸ்பிளே’ தெரிவுக்குச் சரி அடையாளம் இடப்பட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சொற்கள். எங்கள் சனம் தமிழில் தேடும், ஆங்கிலத்தில் தேடும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியும் தேடும். மூன்று விதத்திலும் பத்துப் பன்னிரண்டு சொற்றொடர்கள் போதும். ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். இடாவிட்டால், ஏதோ தொடர்பு இருப்பதாகக் கூகுள் கருதும் தேடலுக்கெல்லாம் உங்கள் விளம்பரம் போய் நிற்கும். வேண்டாத சொற்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. மோட்டார் சைக்கிள், விற்பனை, பாடநெறி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை முதல் நாளே அதில் போட்டுவிடுங்கள்.

கணக்கில் ‘தேடல் சொற்கள்’ என்று ஓர் அறிக்கை இருக்கிறது. என்ன எழுதித் தேடியவர்கள் உங்கள் விளம்பரத்தை அழுத்தினார்கள் என்பதை அதில் பார்க்கலாம். முதல் இரண்டு வாரமும் கடை பூட்டியபின் அதைத் திறந்து பாருங்கள். பொருந்தாத தேடலைக் கண்டால் அன்றிரவே வேண்டாத பட்டியலில் சேருங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான், கூகுள் காசைத் தின்றுவிட்டது என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். உழைத்த காசு அப்படிப் போவதைக் கேட்க மனம் பொறுப்பதில்லை.

நாளுக்கு 500 ரூபா என்று வையுங்கள். ஒரு நாளில் 1,000 ரூபா போனாலும் பதறாதீர்கள். தேடல் கூடிய நாளில் இரு மடங்கு வரை எடுத்துவிட்டு மற்ற நாள்களில் குறைத்துக்கொள்வார்கள். மாத மொத்தம் நாள் தொகையின் 30.4 மடங்கை, அதாவது 15,200 ரூபாவைத் தாண்டாது. தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடட்டும். அழைக்கிறவர் எங்கே பார்த்து அழைத்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கட்டிய காசுக்கு எத்தனை மோட்டார் வந்தது என்பதை அந்தக் கொப்பியில் கண்டுகொள்ளலாம்.

கேள்வி: மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனாட்டு செய்து விற்கிறேன். லண்டனில் விளம்பரம் போடலாமா?
– ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், பிள்ளை. அங்கே பவுணில் செலவழிக்கும் கடைகளோடு நீங்கள் போட்டியிட வேண்டிவரும், அஞ்சல் செலவும் உங்கள் தலையில் விழும். ஓகஸ்ட் மாதத்தில் ஊருக்கு வந்து நிற்பவர்கள் திரும்பிப் போகப் பொதி கட்டும்போது தேடுவது உங்கள் பொருளைத்தான். அந்த மாதம் மட்டும் யாழ்ப்பாணத்துக்குள் சிறிய தொகையில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: திருவிழாக் காலத்தில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். எப்போது தொடங்குவது?
– ஒரு வாசகர், நல்லூர்

பதில்: கொடியேறிய பிறகு தொடங்கினால் பிந்திவிடும். 25 நாள் திருவிழாவுக்குத் தூரத்திலிருந்து வருகிறவர்கள் விமானச் சீட்டு எடுக்கும்போதே தங்குமிடத்தையும் பார்க்கத் தொடங்குவார்கள். மேலே தம்பிக்குச் சொன்னதற்கு மாறாக, நீங்கள் கொழும்பையும் எங்கள் சனம் வாழும் வெளிநாட்டு நகரங்களையும் இடமாகக் குறியுங்கள். தேர், தீர்த்த நாள்களுக்கு அறைகள் நிரம்பிவிட்டால் அன்றே விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள்.