லோரி வழக்கு புத்ராஜெயா ஏறுமா?

கேள்வி: பால்மரம் வெட்டப் போன என் தம்பியை லோரி மோதி, கால் முறிந்து இப்போது மடக்க முடியவில்லை. செஷன்ஸ் நீதிமன்றம் 80,000 வெள்ளி கொடுத்தது. கம்மி என்று உயர் நீதிமன்றம் போனோம், தொகை ஏறவில்லை. இனி கூட்டரசு நீதிமன்றம் போய்ப் புதுச் சாட்சிகளை நிறுத்தலாம் என்று கோப்பிக் கடையில் சொல்கிறார்கள். போகலாமா? (வாசகர், பாகாவ்)

பதில்: கோப்பிக் கடையில் யோசனை இலவசம் ஐயா, மேல் நீதிமன்றங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் ஒவ்வொரு தாளுக்கும் காசு. யோசனை சொன்னவர் பழைய ஆளாக இருப்பார். 1985 முதல் 1994 வரை மேல்முறையீட்டு நீதிமன்றமே கிடையாது. அப்போது உயர் நீதிமன்றத்துக்கு மேலே ஒரே படிதான். இப்போது இரண்டு: மேல்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் மேலே கூட்டரசு நீதிமன்றம்.

இப்போது பார்க்க வேண்டியது வழக்கு எங்கே தொடங்கியது என்பதை. 1964-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 96-ஆவது பிரிவுப்படி, உயர் நீதிமன்றம் தானே முதலில் விசாரித்த சிவில் வழக்குதான் கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறும். உங்களுடையது செஷன்ஸில் தொடங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு சரி. அரசியலமைப்பு பற்றிய தீர்ப்பு என்றால் வேறு. லோரி பிரேக்கையும் அரசியலமைப்பையும் இழுத்து முடிச்சுப் போடாதீர்கள்.

அந்த ஒரு படிக்கும் கதவு சும்மா திறக்காது. கோரிய தொகை, வட்டி நீங்கலாக, 250,000 வெள்ளிக்குக் குறைவானால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனு முழுக்க "தொகை போதாது, குடும்பம் கஷ்டப்படுகிறது" என்றே இருக்கும். நீதிபதிகள் தேடுவது சட்டப் பிழையை. "1956 சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவில் சம்பள இழப்பைக் கணக்கிடும்போது ஓவர்டைமைச் சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டால் அது சட்டக் கேள்வி. "80,000 நியாயமா?" என்பது வெறும் மனக்குறை.

புதுச் சாட்சியை மறந்துவிடுங்கள். மேலே படிப்பது கீழே பதிவான வாக்குமூலத்தையும் டாக்டர் அறிக்கைகளையும்தான். விசாரணையின்போது எவ்வளவு முயன்றும் கிடைத்திராத, தீர்ப்பையே மாற்றக்கூடிய ஆதாரமாக இருந்தால் மட்டும் பேச்சுக்கு இடமுண்டு. எலும்பு டாக்டரைக் கூப்பிட மறந்தது அதில் சேராது.

கூட்டரசு நீதிமன்றத்தை நேரடியாகத் தட்டும் வழக்குகள் உண்டு. மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் சில பிரிவுகளை இயற்ற கிளந்தான் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று ஒரு தாயும் மகளும் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 9-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 8-க்கு 1 என்று அதில் 16 பிரிவுகளை ரத்து செய்தார்கள். சட்டம் இயற்றும் அதிகாரமே அங்கே கேள்வி. அதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தேதியை உங்கள் வக்கீலிடம் இன்றே கேளுங்கள். கெடு அங்கிருந்துதான் ஓடுகிறது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு எவ்வளவு வரும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். அது அந்த 80,000-இல் இருந்துதான் போகும்.