சந்தியில் நிற்கும் சீமெந்துச் சிலை: பெயின்டுக்கு முன் கம்பியைப் பாருங்கள்

கேள்வி: அட்டன் பக்கம் எங்கள் சந்தியில் 15 வருடத்துக்கு முன் தலைவர் ஒருவருக்குச் சீமெந்துச் சிலை வைத்தோம். இப்போது உடம்பெல்லாம் பாசி. முழங்கை வெடித்துத் துருத்தண்ணீர் வடிகிறது. கொழும்பு நூதனசாலை முன்னால் நிற்கும் கிரகரி சிலை நூறு வருடம் தாண்டியும் அப்படியே இருக்கிறதே? நினைவு தினத்துக்குள் பெயின்ட் அடித்தால் சரிவருமா?

பதில்: சரிவராது. அடுத்த மழையிலேயே உரியும்.

1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த கிரகரியின் சிலை (நுவரெலியா வாவிக்கும் அவர் பெயர்தான்) வெண்கலம். அதன்மேல் படியும் பச்சைப் படலமே அதற்குக் கவசம். உங்கள் சிலைக்குள் இருப்பதோ இரும்புக் கம்பி. கை, விரல், சால்வை மடிப்பு போன்ற மெல்லிய இடங்களில் கம்பிக்கு மேல் அரை அங்குலச் சீமெந்துகூட இருக்காது. ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து, பருமன் இரண்டு மூன்று மடங்காகி, சீமெந்தைப் பிளந்து தள்ளும். வெளியே தெரியும் வெடிப்பு அதன் கடைசிக் கட்டம்.

முதலில் சிறு சுத்தியலின் பிடியால் சிலை முழுக்கத் தட்டுங்கள். 'டொக்கு டொக்கு' என்று பொள்ளலாகக் கேட்கும் இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். பாசியை நைலோன் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளியாகும். போகாத கறுப்புக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், நான்கு பங்கு தண்ணீர். 15 நிமிடம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். கம்பி தெரியும் வெடிப்புக்குள் அது இறங்கக் கூடாது, துருவை வளர்க்கும். கழிவறை அசிட்டைத் தொடவே வேண்டாம். சீமெந்தைத் தின்னும், பிளீச்சோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

வட்டமிட்ட இடங்களைக் கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரை கொத்தி எடுக்க வேண்டும். மேசன்மார் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசிவிடுவார்கள்; பின்பக்கத் துரு இரண்டு வருடத்தில் மறுபடி வெடிக்கும். கம்பி பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே சிங்க் பிரைமர் அடியுங்கள். விடியும்வரை விட்டால் நம் ஊர்ப் பனியிலேயே மறுபடி துரு பிடிக்கும். கால்வாசி தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டுங்கள்.

பூச்சுக்குச் சீமெந்து ஒன்று, கழுவிய மணல் இரண்டரை. கலக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு எஸ்பிஆர் பால் (பூச்சு நன்றாகப் பிடிக்கச் சேர்க்கும் செயற்கை ரப்பர் பால்). ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசினால் தன் பாரத்தாலேயே தொங்கிவிடும். இரண்டு நாள் ஈரச்சாக்கு, பிறகு 28 நாள் காயவிடுங்கள்.

பெயின்டுக்கு முன் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். எனாமல் பளபளப்பாக இருக்கும், ஆனால் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் கொப்பளித்து உரியும். வெளிச்சுவருக்கான அக்ரிலிக்கில் வெண்கல நிறம் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே கூடான சிலையென்றால் பீடத்தோடு சேரும் இடத்தில் தண்ணீர் வடிய அரை அங்குலத் துளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயின்ட் அடைத்திருக்கலாம். பீடத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். பெயர்ப்பலகை ஆணிகளைப் பித்தளைக்கு மாற்றுங்கள்.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை செய்யுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. தொடங்குமுன் பிரதேச சபையிலோ நகர சபையிலோ எழுத்தில் அனுமதி எடுங்கள். வெள்ளைக்காரர் காலத்து நினைவுச்சின்னமாக இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் கைவைக்கவே கூடாது.

நினைவு தினத்தில் போடும் மாலையை மறுநாளே கழற்றிவிடுங்கள். நனைந்த மாலை கழுத்திலேயே ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதைக் கட்டிய கம்பி மார்பில் துருக்கோடு போடும்.