மூளைக் காயத்திற்குப் பின் கைப் பயிற்சி: ரோபோ கருவிக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காட்டை அடுத்த நாகலூர். ஒன்பது வயது மகளுக்குச் சென்ற ஆண்டு சாலை விபத்தில் தலையில் அடிபட்டது. இப்போது நன்றாக நடக்கிறாள். ஆனால் வலது கையைத் தூக்கவும் விரல்களை விரிக்கவும் சிரமப்படுகிறாள். ரோபோ கருவியில் இருபது நாள் பயிற்சி எடுத்தால் கை சரியாகிவிடும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது சேர்க்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கடன் வாங்க வேண்டாம். இக்கருவிகளால் பயன் உண்டு. ஆனால் 'சரியாகிவிடும்' என்று எவரும் உறுதி கூற இயலாது. குழந்தைகளின் அளவிலும் கிடைக்கும் ஆர்மியோ ஸ்பிரிங் போன்ற கருவியில் கையைப் பட்டைகளால் பொருத்தியதும், ஸ்பிரிங்குகள் அதன் எடையைத் தாங்கிக்கொள்வதால், தானாகத் தூக்க முடியாத குழந்தையும் திரையில் ஓடும் விளையாட்டுக்கேற்பக் கையை நகர்த்த முடிகிறது. மோட்டார் உள்ள கருவிகள், குழந்தை தொடங்கும் அசைவை முடித்துக்கொடுக்கின்றன. ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை சலிக்காமல் செய்ய வைப்பதே இவற்றின் பலம். முயற்சி மட்டும் குழந்தையுடையதாக இருக்க வேண்டும். கருவி இழுக்கிற பக்கமெல்லாம் கை போய்க்கொண்டிருந்தால் மூளை கற்றுக்கொள்வது குறைவே.

பக்கவாதம் வந்த பெரியவர்கள் 770 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், ரோபோ பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்திறன், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்படவில்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அவற்றில் முன்னேற்றம் தெரிந்தாலும், அதே அளவு நேரம் சிகிச்சையாளர் நேரில் தரும் பயிற்சியைக் கருவி விஞ்சும் என்பது நிறுவப்படவில்லை. பிறப்பையொட்டி மூளை பாதிக்கப்பட்டு ஒருபக்கக் கை பலவீனமான பெருமூளை வாதக் (செரிப்ரல் பால்சி) குழந்தைகளுக்கு வலுவான சான்றுள்ளவை இரண்டு: நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டு, பலவீனமான கையையே வேலை செய்ய வைப்பது, இரு கைகளையும் சேர்த்துப் பயிற்றுவது. உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது விரல்களைத்தான். பல கருவிகள் தோளுக்கும் முழங்கைக்குமே முதன்மையாகப் பயிற்சி தருகின்றன. முழங்கை நன்றாக நீண்டும், விரல் விரியாததால் டம்ளரைப் பிடிக்க முடியாத குழந்தைகள் உண்டு. ஆகவே விரல்களுக்கான பகுதி கருவியில் இருக்கிறதா, அது குழந்தையின் கை அளவுக்குப் பொருந்துமா, பயிற்சி முழுவதும் சிகிச்சையாளர் அருகில் இருப்பாரா, சட்டைப் பொத்தான் போடுவது போன்ற ஒரு வேலையை முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்களா என்று அந்த மையத்தில் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள். வலிப்பு, தோள்வலி, ஆறாத எலும்பு முறிவு இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விறைப்பு அதிகமென்றால் முதலில் அதற்குச் சிகிச்சை தேவைப்படலாம்.

வீட்டிலும் நிறையச் செய்யலாம். வலது கை ஆரஞ்சுப் பழத்தை மேசையோடு அழுத்திப் பிடித்திருக்க, இடது கை தோலை உரிக்கட்டும். அவசரத்தில் நீங்களே உரித்துக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் பயிற்சி நிற்பது இங்கேதான்.

வாரம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, களைத்துப்போய் ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதைவிட, கோடை விடுமுறையில் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கி இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். அதற்குமுன், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விபத்தின்போது எடுத்த ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.