பொகையலை வாங்க வந்த பொடியன்: கடைக்காரர்களுக்கு ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரின் பதில்கள்

மளிகைக் கடை, கோபி: ஏனுங்க சார், பத்து வயசுப் பையன் "அப்பாருக்குப் பொகையலை" என்று தாத்தாவுக்காகக் காசை நீட்டுகிறான். அவன் அப்பாரு எனக்கு முப்பது வருசப் பழக்கம். கொடுக்கலாமுங்களா?

கூடாதுங்க. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, யார் மெல்லப் போகிறார் என்று பார்ப்பதில்லை. வாங்க வந்தவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்றுதான் பார்க்கிறது. நானும் என் அப்பாருக்கு வாங்கி வந்தவன்தான். வழியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டேன். தலை சுற்றி வேலியோரம் வாந்தி. அப்பாருக்கு இன்றுவரை தெரியாது, பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார்.

அபராதம் 200 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு: குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்பாரையே வரச் சொல்லுங்கள்.

டீக்கடை, பெருந்துறை: மீசை இருக்கிறது, வயசு தெரியவில்லையே?

ஆதாரைக் கேளுங்கள். வயதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவர் தலையில்தான். மீசை சாட்சிக்கு வராது.

பெட்டிக்கடை, பவானி: பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்கிறார்கள். ரோட்டு வழியாக அளந்தால் நூறு கெஜம் தாண்டுகிறதே?

ரோட்டு வழியாக அளக்கக் கூடாது. மதில் சுவரிலிருந்து நேராக, ஏறக்குறைய 91 மீட்டர்.

தாளவாடி: எல்லைக்கு அந்தப் பக்கம் புகையிலை வாங்கும் வயசை 21 ஆக்கிவிட்டார்களாமே?

ஆமாம், கர்நாடகத்தில் 2025-ல். இலங்கையிலும் 21தான். உங்கள் கடையில் இன்னும் 18. என்னைக் கேட்டால் இங்கேயும் 21 வேண்டும். பதினாறு வயசுப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பது கிழவர் அல்ல, அவனோடு பந்தாடும் பதினெட்டு வயசு அண்ணன்.

கல்லூரி மாணவர், ஈரோடு: 18-ல் ஓட்டுப் போடலாம், பீடி வாங்கக் கூடாதா?

தம்பி, ஆம்பளைக்குக் கல்யாண வயசு 21. டாஸ்மாக்கிலும் 21. அதற்கெல்லாம் வராத ஓட்டு, பீடிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதே மாணவர்: டாஸ்மாக்கில் யார் வயசு கேட்கிறார்கள்?

சரி, அது நியாயம். அங்கேயும் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

விவசாயி, அந்தியூர்: நாங்கள் விளைவிக்கலாம், விற்கத்தான் தடையா?

வேளாண்மைத் துறையில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது கடை மட்டும்.

மளிகைக் கடை, சத்தி: சிறு பொண்ணு, பாட்டிக்குத்தான் வாங்குகிறாள்...

முதல் பதிலைப் படியுங்கள். பாட்டியையும் வரச் சொல்லுங்கள்.