கோட்டைத் தொட்டால் போதுமா? கிரிக்கெட் கேள்வி பதில்

கேள்வி: ரன் ஓடி வந்தபோது என் பேட் கிரீஸ் கோட்டின் மேலேயே இருந்தது. அந்த நேரத்தில் பெயில்ஸ் விழ, அவுட் கொடுத்துவிட்டார்கள். இது சரியா?

சரிதான். பெயில்ஸ் என்றால் ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு குச்சிகள். தரையில் போடும் வெள்ளைக் கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு. விதிப்படி அந்த அகலம் முழுவதும் கிரீஸ் அல்ல. ஸ்டம்ப் பக்கம் இருக்கும் அதன் உள்விளிம்பு மட்டுமே கிரீஸ். ஸ்டம்புகளின் வரிசையிலிருந்து 4 அடி, அதாவது 1.22 மீட்டர் முன்னால் அது இருக்கும். பேட்டோ உடலோ அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே தரையைத் தொட்டிருக்க வேண்டும். கோட்டின் மேல் இருந்தால் வெளியே என்றுதான் கணக்கு. உள்ளே வந்தும் பேட் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தால் அதுவும் அவுட்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கோட்டுக்கு உள்ளே பேட்டைத் தரையில் பதித்துவிட்டீர்கள், ஓடிய அல்லது பாய்ந்த வேகத்தில் அது எம்பிவிட்டது என்றால் நாட் அவுட். முன்பு இப்படி எம்பிய பேட்டுக்கும் அவுட் கொடுத்தார்கள். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள்தான் இதை மாற்றின. நியாயமான மாற்றம்.

ஓடும்போது பலர் செய்யும் தவறு, கோட்டருகே வந்தபிறகு பேட்டை நட்டுக்குத்தாக ஊன்றுவது. அது மண்ணில் சிக்கிக்கொள்ளும், கையும் பிடித்துக்கொள்ளும். கோட்டுக்கு ஒரு மீட்டருக்கு முன்பே குனிந்து, கையை முழுதாக நீட்டி, பேட்டின் நுனியைத் தரையோடு தேய்த்துக்கொண்டே உள்ளே போங்கள். இரண்டாவது ரன்னுக்குத் திரும்புவதாக இருந்தால், பந்து போன பக்கம் முகம் இருக்கும்படி திரும்புங்கள். பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறவருக்கு, ஃபீல்டர் பந்தை எடுத்துவிட்டாரா இல்லையா என்பதே தெரியாது.

ஃபீல்டருக்கும் ஒரு வார்த்தை: பந்து ஒரு கையில் இருக்க, மறு கையால் பெயில்ஸைத் தட்டினால் செல்லாது. பந்து இருக்கும் கையால்தான் தட்ட வேண்டும்.

கேள்வி: எல்.பி.டபிள்யூ. எவ்வளவு பார்த்தும் புரியவில்லை. ஸ்டம்புக்கு நேராகக் காலில் பட்டால் அவுட், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. ஸ்டம்பில் பட வேண்டிய பந்தைப் பேட்டர் காலாலோ உடலாலோ மறித்தால் கொடுக்கும் அவுட்தான் எல்.பி.டபிள்யூ. நடுவர் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை அதே வரிசையில் நீங்களும் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், அது நோபாலா, அதாவது விதிமீறி வீசிய பந்தா? நோபால் என்றால் பேச்சே இல்லை. அடுத்து, பந்து எங்கே குத்தியது? லெக் ஸ்டம்புக்கு (பேட்டரின் முதுகுப் பக்கத்து ஸ்டம்ப்) வெளியே குத்தியிருந்தால், அது நடு ஸ்டம்பைப் பெயர்க்கும் பந்தாகவே இருந்தாலும் நாட் அவுட். அதற்கு எதிரான ஆஃப் பக்கம் வெளியே குத்தலாம். குத்தாமல் நேரே காலுக்கு வந்தாலும் சரி. பிறகு, பேட்டில் முதலில் பட்டதா? பட்டிருந்தால் நாட் அவுட். பேட்டைப் பிடித்திருக்கும் கையின் கிளவ்ஸும் பேட்டாகவே கருதப்படும்.

நாலாவது கேள்வியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்: உடலில் எந்த இடத்தில் பட்டது? ஸ்டம்புகளுக்கு நேராகப் பட்டிருக்க வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டால், பேட்டர் உண்மையாகவே ஷாட் ஆட முயன்றாரா என்று பார்க்க வேண்டும். முயன்றிருந்தால் நாட் அவுட். பேட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு காலை மட்டும் நீட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசியாக, பந்து தொடர்ந்து போயிருந்தால் ஸ்டம்பில் பட்டிருக்குமா? இத்தனைக்கும் விடை பாதகமாக இருந்தால்தான் விரல் உயரும்.

இடக்கை ஆட்டக்காரருக்கு ஆஃபும் லெக்கும் இடம் மாறும் என்பதை மறக்காதீர்கள். புதிதாக நடுவராக நிற்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அது.

கேள்வி: டிரைவ் ஆடினால் பந்து தரையோடு போகாமல் தூக்கிக்கொண்டு போகிறது. மிட் ஆஃபில் கேட்ச் கொடுத்தே அவுட் ஆகிறேன். என்ன செய்வது?

பெரும்பாலும் கீழ்க்கைதான் காரணம். வலக்கை ஆட்டக்காரர் என்றால் வலது கை. அது பேட்டை இறுக்கிப் பிடிக்கும்போது, பந்தைச் சந்திக்கும் நேரத்தில் பேட்டின் நுனி கைப்பிடியை முந்திக்கொண்டு முன்னால் போய்விடும். பேட்டின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்தும் மேலே போகும்.

முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். பேட்டின் முகம் தரையைப் பார்க்க, கைப்பிடி உங்களை நோக்கி இருக்கக் கீழே போடுங்கள். குனிந்து, கோடாலியை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் சேர்த்து எடுங்கள். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் பள்ளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும். பேட்டின் பின்புற முதுகுக்கும் வெளி ஓரத்துக்கும் இடையே அந்தக் கோடு இறங்க வேண்டும். டிரைவ் ஆடும்போது மேல்கை உறுதியாக இருக்கட்டும். கீழ்க்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்தால் போதும்.

பிடி சரியாக இருந்தும் பந்து எழும்பினால் தலையைக் கவனியுங்கள். முன்கால் பந்து குத்தும் இடத்துக்கு அருகே போக வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், தலை அந்த முழங்காலுக்கு மேல் வர வேண்டும். கால் போகாமல் கை மட்டும் பந்தைத் தேடிப் போனால் உடல் பின்னால் சாயும். அப்புறம் பந்து தரையோடு போகாது.

பயிற்சிக்கு நண்பர் ஒருவர் போதும். அவர் உங்களுக்குப் பக்கவாட்டில், பேட் வீச்சுக்கு எட்டாமல் நின்று, கையை நீட்டித் தோள் உயரத்திலிருந்து டென்னிஸ் பந்தைக் கீழே விடட்டும். ஒருமுறை எம்பி, இரண்டாவது முறை தரையைத் தொடும் நேரத்தில், கண்ணுக்கு நேர் கீழே வைத்து அடியுங்கள். முதலில் 20 பந்து மேல்கையால் மட்டும், பேட் கனமாக இருந்தால் கைப்பிடியில் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து ஆடுங்கள். பிறகு இரண்டு கையாலும் ஆடலாம். அடித்த பிறகும் தலை நிமிரக் கூடாது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் அவசரம்தான் பாதி டிரைவ்களைக் கெடுக்கிறது.

இன்னொன்று: எல்லாப் பந்தும் டிரைவுக்கான பந்து அல்ல. காலருகே விழுவதை மட்டும் ஆடுங்கள்.

கேள்வி: என் மகன் வேகப்பந்து வீசுகிறான். அடிக்கடி நோபால் விழுகிறது. கோட்டைப் பார்த்துக் கால் வை என்று சொல்லியும் பயனில்லை.

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கோட்டைப் பார்த்தால் தலை குனியும். தலை குனிந்தால் பந்து போகும் திசையும் கெடும். சரிசெய்ய வேண்டியது ஓட்டத்தின் தொடக்கத்தை.

கிரீஸில் தொடங்கி, பேட்டர் நிற்கும் முனைக்கு எதிர்த்திசையில், வழக்கமான வேகத்தில் ஓடவிட்டுப் பந்தை வீசச் சொல்லுங்கள். முன்கால் விழும் இடத்தை நீங்கள் குறியுங்கள். ஐந்தாறு முறை செய்தால் குறிகள் ஓரிடத்தில் குவியும். அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அதுதான் அவனுடைய ரன்னப். குறிகள் குவியாமல் சிதறினால் காலடிகள் இன்னும் சீராகவில்லை என்று பொருள். அப்போது தூரத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே காலில் தொடங்கப் பழக்குங்கள்.

முன்கால் இறங்கும் கணத்தில் அதன் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் உள்விளிம்புக்குப் பின்னால் இருந்தால் போதும். குதிகால் தரையைத் தொடாமல் தூக்கியிருந்தாலும் பரவாயில்லை. இறங்கிய பிறகு வழுக்கி முன்னால் போனால் குற்றமில்லை. வலைப்பயிற்சியில் விழும் நோபாலையும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரீ ஹிட்டில் ஸ்டம்ப் விழுந்தால் பந்து செத்துவிடுமா?

இல்லை, ரன் ஓடலாம். நோபாலுக்கு அடுத்துக் கிடைக்கும் பந்துதான் ஃப்ரீ ஹிட். அதில் ஸ்டம்ப் விழுந்தாலும் பேட்டர் அவுட் இல்லை. 2022 டி20 உலகக் கோப்பையில் மெல்போர்னில் நடந்த இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்தின் கடைசி ஓவரில் இது நடந்தது. பாகிஸ்தானின் நவாஸ் வீசிய ஃப்ரீ ஹிட் ஸ்டம்பில் பட்டுத் திரும்பியது. கோலியும் கார்த்திக்கும் 3 ரன் ஓடினார்கள். பந்து பேட்டில் படாததால் அவை பை ரன்களாகப் பதிவாயின. ஆனால் ரன் அவுட் ஆபத்து உண்டு. இரண்டு பெயில்ஸும் ஏற்கெனவே விழுந்துவிட்ட முனையில், ஃபீல்டர் பந்து உள்ள கையால் ஸ்டம்பைத் தட்டித் தரையிலிருந்து பெயர்த்தாலோ பிடுங்கினாலோ அவுட். வெறுமனே தட்டினால் போதாது.

கேள்வி: கேட்ச் பிடிக்கப் போனால் பந்து கையில் பட்டுத் தெறிக்கிறது. விரலும் வலிக்கிறது.

விரல்நுனி பந்தை நோக்கி நீட்டியிருப்பதால்தான் வலி. மார்புக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் இரண்டும் சேர்ந்து, விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும். மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர்ந்து, விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும். தெறிப்பதற்குக் காரணம் விறைத்த கை. பந்து உள்ளங்கையில் படும்போதே கையை உடலை நோக்கி இழுங்கள். கடைசி நொடியில் கண்ணை மூடும் பழக்கம் இருந்தால், சில நாள் டென்னிஸ் பந்தில் மட்டும் பிடித்துப் பழகிவிட்டுத் தோல் பந்துக்கு வாருங்கள்.