காதில் விழாத பிரெஞ்சை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: வயது 42. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் பையர்களில் இருவர் பிரான்ஸ்காரர்கள். மொபைல் ஆப்பில் ஐந்து மாதமாகப் பிரெஞ்சு படிக்கிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. எழுத்தில் பார்த்தால் ஓரளவு புரிகிறது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வகுப்புக்குப் போக நேரமில்லை. தினமும் 40 நிமிடம் ஒதுக்க முடியும். இலக்கணப் புத்தகம் வாங்கி முதலிலிருந்து தொடங்கவா? இந்த வயதில் வருமா?

பதில்: வரும். புத்தகம் இப்போது வேண்டாம்.

நீங்கள் ஐந்து மாதமாகக் கண்ணால் படித்திருக்கிறீர்கள். பையர் பேசும்போது வேலை காதுக்கு. பிரெஞ்சில் இந்த இரண்டுக்கும் தூரம் அதிகம். 'பேசு' என்ற வினைச்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அதற்கு ஆறு வரி அட்டவணை இருக்கும். நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு வரியும் வாயில் ஒரே 'பார்ல்'தான். எழுத்தில் தொங்கும் வால்கள் ஒலிப்பதில்லை. 'நாங்கள்' என்பதற்கும் பேச்சில் பெரும்பாலும் 'ஓ(ன்) பார்ல்' என்றே சொல்லிவிடுவார்கள் (அடைப்புக்குள் 'ன்' போட்டால் அது மூக்கொலி என்று கொள்ளுங்கள்). மிச்சம் 'நீங்கள்' மட்டும்: 'வு பார்லே'. கண்ணுக்கு ஆறு, காதுக்கு இரண்டு. அட்டவணையை மனப்பாடம் செய்தவர் அந்த ஆறையும் காதில் தேடித் தவிக்கிறார்.

அடுத்தது, பேச்சு வழக்கு. 'தெரியாது' என்பதற்கு ஆப் உங்களுக்கு 'ஜெ ந ஸே பா' என்று சொல்லிக்கொடுத்திருக்கும். பையர் வாயில் அது 'ஷே பா'. நம் 'எனக்குத் தெரியவில்லை' பஸ் ஸ்டாண்டில் 'தெர்ல' ஆகிறதே, அதே கதைதான். 'இருக்கிறது' என்பதற்கான 'இல் யா' வெறும் 'யா' ஆகிவிடும். மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறு என்று தெரிந்தே வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு வடிவமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

சொற்கள் ஒட்டிக்கொள்வதும் காதைக் குழப்பும். 'ஸே' என்றால் இது, 'அ(ன்)' என்றால் ஒரு. சேர்த்தால் 'ஸேத்த(ன்)'. ஒளிந்திருந்த 'த்' எழுந்து வந்துவிட்டது. நாமும் 'இது ஒரு' என்று பிரித்தா பேசுகிறோம், 'இதொரு'தானே? நமக்கு ஓர் ஒலி விழுகிறது, அவர்களுக்கு ஓர் ஒலி முளைக்கிறது. புணர்ச்சி விதி படித்தவருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

மூக்கொலி என்றால் பலரும் மிரள்கிறார்கள். நீங்கள் அதைத் தினமும் பேசுகிறீர்கள். 'பாலம்' என்று வீட்டில் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடவில்லை; 'ம்' கரைந்து மூக்கோடு போய்விட்டது. பாலத்துக்கான பிரெஞ்சுச் சொல்லில் இருப்பதும் கிட்டத்தட்ட அந்த உயிரொலிதான்: 'ப்' போட்டு, 'பாலம்' முடியும் அந்த வாலைச் சேர்த்தால் போதும். 'போன்' என்றோ 'போங்' என்றோ முடித்தால் தப்பு. இன்னொரு சலுகையும் உண்டு. ஆங்கிலேயர் சொல்முதல் 'ப', 'த', 'க'வைக் காற்றுத் தள்ளிச் சொல்வார்கள், பிரெஞ்சில் அது உறுத்தும். நம் வாயில் அந்தக் காற்று வருவதில்லை.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. 'இ' சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், 'உ'வுக்குக் குவிப்பதுபோல உதட்டை மட்டும் குவியுங்கள். அப்போது வருவது தமிழிலும் ஆங்கிலத்திலும் இல்லாத ஒலி. அதை விட்டுவிட்டு 'உ' என்றே சொன்னால், 'மேலே' என்று பொருள்படும் 'தெஸு' (dessus), 'கீழே' என்ற 'தெஸு' (dessous) ஆகிவிடும். லேபிள் எங்கே வரவேண்டும் என்று பேசும் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது விளையாட்டல்ல. தொண்டையிலிருந்து வரும் 'ர', வாய் கொப்பளிக்கும்போது அதிரும் இடத்தில் பிறக்கிறது. அது சரியாக வராவிட்டாலும் பேச்சு புரியும். அதற்காக மாதக்கணக்கில் மெனக்கெடாதீர்கள்.

இந்தப் பதிலில் நானே தமிழில் எழுதிக்காட்டுகிறேன், ஆனால் உங்கள் நோட்டில் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதவே கூடாது. மீன், விஷம், பானம் மூன்றுக்குமான பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'ப்வாஸோ(ன்)'தான்! ஹோட்டலில் மீன் கேட்கப் போய் விஷம் கேட்டுவிட்டு வரலாம்.

40 நிமிடத்தை இப்படிச் செலவிடுங்கள். எழுத்து வடிவமும் உள்ள ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து மூன்று நாள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எழுத்தைத் திறக்காமல் ஐந்தாறு முறை கேட்டு, காதில் விழுந்ததைத் தப்போ சரியோ எழுதுங்கள். இரண்டாம் நாள் எழுத்தைத் திறந்து, எங்கெங்கே கோட்டைவிட்டீர்கள் என்று சிவப்பு மையில் குறியுங்கள். பெரும்பாலும் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும். ஒட்டியோ தேய்ந்தோ வந்ததால் தவறவிட்டிருப்பீர்கள். மூன்றாம் நாள் அவர் குரலோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள், வேகமும் அவருடையதாக இருக்கட்டும். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி இணையத்தில் இலவசமாகத் தரும் தொடக்கநிலைப் பாடங்கள் இதற்கு ஏற்றவை. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி தினமும் பத்து நிமிடம், எழுத்து வடிவத்தோடு வருகிறது. ஆனால் அது ஓராண்டு கழித்து. இப்போது கேட்டால் மனம் விட்டுப்போகும்.

ஆப்பை நிறுத்த வேண்டாம், டீ குடிக்கும்போது பத்து நிமிடம் போதும். பெயர்ச்சொற்களை எப்போதும் 'ஒரு' என்பதன் ஆண்பால், பெண்பால் வடிவத்தோடு சேர்த்தே பழகுங்கள். மேசை ஏன் பெண்பால் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எண்களுக்குத் தனி உழைப்பு வேண்டும். 97 என்பது 'நாலு இருபது, பத்து, ஏழு'. தொலைபேசி எண்ணையும் இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள், 'நாலு இருபது' என்று கேட்டதும் 80-ஆ, 90-ஆ என்று பேனா தடுமாறும். (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்கு 'நொனாந்த்' என்று நேரடிச் சொல் உண்டு. தொண்ணூறுக்குள் நூறை வைத்திருக்கும் நாம் சிரிக்க முடியாது.) உங்கள் பழைய ஆர்டர் ஷீட்டை எடுத்து அளவுகளையும் விலைகளையும் சத்தமாகப் படியுங்கள்.

மெயிலில் ஓர் எச்சரிக்கை: 'தெமாந்தே' என்பதற்குக் 'கேட்பது' என்றுதான் பொருள். அதை ஆங்கில 'டிமாண்ட்' என்று படித்து, பையர் அதட்டுகிறார் என்று முதலாளியிடம் போய் நிற்காதீர்கள்.

எவ்வளவு காலம்? முதல் நிலையான ஏ1-க்குச் சுமார் 100 மணி நேரம், ஏ2-க்கு இன்னொரு 100 என்பது பொதுவான கணக்கு. தினமும் 40 நிமிடம் என்றால் மாதம் 20 மணி நேரம். ஐந்தாம் மாதம் ஏ1 நெருங்கும். மெலிதான இலக்கணப் புத்தகம் ஒன்றை அப்போது வாங்குங்கள், பாதி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். சான்று வேண்டுமானால் டெல்ஃப் தேர்வு எழுதலாம்: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் தலா 25 மதிப்பெண், மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. சான்றிதழ் காலாவதி ஆவதில்லை.

பையரோடு பேசும் அடுத்த போன் காலிலேயே ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். விஷயத்துக்குப் போகுமுன் 'போ(ன்)ஜூர்' சொல்லுங்கள், அதை விட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு 'ஸே பூர் லா கொமா(ன்)த்', அதாவது 'ஆர்டர் விஷயமாக' என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். 'நீங்கள்' என்ற 'வு'வையே பயன்படுத்துங்கள். 'நீ' என்று பேசலாமே என்று அவர்களாகச் சொல்லும்வரை 'த்யு' வேண்டாம்.