கலைஞர்கள் கூடிப் பேசுவதால் யாருக்கு என்ன பயன்?

"கலைஞர்களும் கைவினைஞர்களும் வட்டமாக உட்கார்ந்து பெரிய பெரிய கேள்விகளைப் பேசுகிறார்களே, அதனால் யாருக்காவது பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். மாதம் ஒருமுறை கூடும் இப்படியொரு குழுவுக்கு ஒன்றரை வருடமாகப் போய்வருகிறேன். முதல் நாலைந்து கூட்டங்கள் வெறும் புலம்பல்தான். மறைக்க என்ன இருக்கிறது?

புலம்பலுக்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மிட்ஜர்னி என்ற, வார்த்தையில் கேட்டால் படம் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய படம் ஒன்று முதல் பரிசு வாங்கியது. அன்றிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் படத்தைப் பதிவு செய்ய அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் மறுத்ததை ஏதோ நாங்களே வழக்காடி ஜெயித்த மாதிரி கொண்டாடினோம். ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "உரிமை இல்லாத படம் என்றால் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே. அப்புறம் உங்களுக்கு எதற்குக் காசு கொடுப்பார்கள்?" கொண்டாட்டம் அதோடு சரி.

குழுவில் கைத்தறி நெய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். "எல்லாம் இன்றைக்குக் காலையில்தான் நடந்த மாதிரி பேசுகிறீர்கள். அட்டையில் துளை போட்டு, வடிவத்தைத் தறிக்கே சொல்லிக்கொடுக்கும் ஜக்கார்டு வந்து இருநூறு வருடம் தாண்டிவிட்டது. கைத்தறி சாகவில்லை. ஆனால் நான் நெய்வதை வாங்க எனக்கே வசதி கிடையாது."

அதற்குப் பிறகு செயற்கை நுண்ணறிவைப் பற்றி யாரும் பேசவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கைவேலைக்காக அவ்வளவு வாதாடிய வில்லியம் மோரிஸும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். ஆள் சோஷலிஸ்ட், அவர் பட்டறைப் பொருள்கள் போய்ச் சேர்ந்ததோ பெரும்பாலும் பணக்காரர் வீடுகளுக்கு. கையால் செய்தது பிழைக்கும், சரி. யார் வீட்டில் பிழைக்கும் என்பதில்தான் அன்று மாலை முழுக்கச் சண்டை.

சண்டை கடைசியில் விலையில் வந்து நின்றது. அடுத்த கூட்டத்தில் பெயர் எழுதாமல் ஆளுக்கொரு சீட்டு: கடைசியாக முடித்த வேலைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம். வகுத்துப் பார்த்தால் ஆகக் குறைந்த கூலி என் சீட்டில். (அதிகம் பேசியதும் நான்தான்.) திருத்தங்கள் என் நேரத்தைத் தின்றிருந்தன. மூன்றாவது திருத்தத்திலிருந்து தனிக்கட்டணம் என்று இப்போது முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு பதிப்பாளர் விலகிப் போனார். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பயன் என்று கேட்டால், நான் விரல் வைத்துக் காட்டக்கூடியது இதுதான்.

பேசும் முறையும் முக்கியம். ஒருவர் படைப்பைப் பார்த்து மற்றவர்கள் கருத்துச் சொல்ல, லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990இல் வகுத்த முறையை எடுத்துக்கொண்டோம். பார்த்தவர்கள் முதலில் தங்கள் மனதில் தைத்ததைச் சொல்ல வேண்டும். அடுத்து படைத்தவர் கேள்வி கேட்பார். பிறகு பார்த்தவர்கள் உள்குத்து இல்லாமல் கேட்கலாம். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் அனுமதி கேட்டு. ஒருமுறை ஒரு தச்சர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நாக்கு நுனிவரை வந்ததை எட்டுப் பேரும் விழுங்கினோம்.

நீங்கள் சேர்வதானால், பல தொழில்காரர்கள் கலந்திருக்கும் குழுவாகப் பாருங்கள். ஓவியர்கள் மட்டும் கூடியிருந்தால் நாங்கள் இன்னும் கொலராடோவிலேயே நின்றுகொண்டிருப்போம்.